ஜூன் 25 என்ற தேதியில் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டனின் லார்ட்ஸ் மைதான மாடத்தில் கபில் தேவ் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கியது 1983 ஜூன் 25. இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியைத் தொடங்கியதும் அதே லார்ட்ஸில், 1932-ல், அதே ஜூன் 25. அர்ஜென்டினா கால்பந்தில் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றதும் அதே தேதி. இத்தனையும் ஒரே தேதியில் விழுந்தது தற்செயல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 1969 விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டம் ஒன்றைக் குறிப்பிட்டு, இரண்டு நாள், ஐந்து நாள் என்று நீளும் ஆட்டத்தை எந்தத் தேதியில் எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியலாம். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் ‘வரலாற்றில் இன்று’ பத்தியை நான் எழுதினேன். தேதிக்கு ஒரு பக்கம் என்று 366 பக்கத்துக்கு ஒரு பெரிய கணக்கு நோட்டு வைத்திருந்தேன். எங்கே என்ன படித்தாலும் அந்தத் தேதியின் பக்கத்தில் குறித்துவைப்பேன். சில பக்கங்கள் கடைசிவரை மூன்று வரியோடு நின்றுவிட்டன. ஜூன் 25-க்கு இடம் போதாமல் தனித்தாள் ஒட்ட வேண்டியிருந்தது. ஆகவே உங்களுக்குத் தோன்றியது வெறும் பிரமை இல்லை, அந்தப் பக்கம் நிஜமாகவே நிரம்பி வழிகிற பக்கம்தான்.

அதில் முதல் வரி 1932. சி.கே. நாயுடு தலைமையில் இந்திய அணி லார்ட்ஸில் இறங்குகிறது. இங்கிலாந்து முதலில் பேட்டிங். முகமது நிசார் தன் வேகத்தில் ஹோம்ஸ், சட்கிளிஃப் இருவரின் ஸ்டம்புகளையும் பெயர்க்கிறார். வூலி ரன் அவுட். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். டெஸ்ட் ஆடியே இராத ஒரு நாடு, ஆட்டம் தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் லார்ட்ஸை வாயடைக்க வைத்துவிட்டது. பிறகு ஜார்டின் 79 ரன் எடுத்து நிமிர்த்தினார், முடிவில் இங்கிலாந்து 158 ரன்னில் வென்றது. நிசார் முதல் இன்னிங்ஸில் 93 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். அதற்குச் சரியாக 51 ஆண்டு கழித்து, அதே மைதானத்தில் 183 ரன்னுக்குள் சுருண்ட இந்தியா, இரண்டு முறை கோப்பையை வென்றிருந்த மேற்கிந்தியத் தீவுகளை 140-க்கு மடக்கியது. மதன் லால் பந்தை விவியன் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடிக்க, கபில் பின்னோக்கி ஓடி, தோளுக்கு மேலாகப் பார்த்தபடியே பிடித்த கேட்ச் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமர்நாத் 12 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார்.

இந்த இரண்டு வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிய நாளில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆண்டுக்குக் கிழமை ஒன்று நகரும், லீப் ஆண்டு வந்தால் இன்னொன்று கூடும். 51 ஆண்டுக்கு 51. 1936 முதல் 1980 வரை லீப் ஆண்டுகள் 12. மொத்தம் 63. ஏழால் மிச்சமின்றி வகுபடுகிறது. அதாவது 1932 ஜூன் 25-ம் சனிக்கிழமை, 1983 ஜூன் 25-ம் சனிக்கிழமை. ஒரே மைதானம், ஒரே தேதி, ஒரே கிழமை. அன்று கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு ஏற்பாடு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று உலகக் கோப்பைகளும் ஆளுக்கு 60 ஓவர் ஆட்டங்கள். 120 ஓவரையும் ஒரே பகலில் முடிக்க வேண்டும், விளக்கு வெளிச்சம் கிடையாது. 1975 இறுதி ஆட்டம் காலை 11 மணிக்குத் தொடங்கி இரவு எட்டே முக்கால் மணி வாக்கில்தான் முடிந்தது. இங்கிலாந்தில் அவ்வளவு நேரம் வெளிச்சம் இருப்பது ஜூன் பிற்பாதியில், ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டிய நாட்களில். மக்கள் வந்து பார்க்க விடுமுறை நாளும் வேண்டும், ஆகவே சனிக்கிழமை. 1975-ல் ஜூன் 21, 1979-ல் ஜூன் 23, 1983-ல் ஜூன் 25. மூன்றும் சனி, மூன்றும் லார்ட்ஸ். ஜூன் பிற்பாதியில் சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டால் ஓர் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று தேதிதான் மிஞ்சும். 1983-ல் அவை 18-ம் 25-ம். முதல் சுற்று ஆட்டங்கள் ஜூன் 9 முதல் 20 வரை போனதால் 18-க்கும் வழியில்லை. வேறெங்கே போய்விடும்? இடமும் மாதமும் கிழமையும் காரணத்தோடு வந்தவை. 1932-ன் தேதியோடு அது ஒத்துப்போனது மட்டும்தான் தற்செயல். அந்த அணி வென்றது என்பதோ தற்செயலும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அது ஆடிப் பெற்றது.

கால்பந்துக்கும் இதே விதி. ஐரோப்பாவில் கிளப் ஆட்டங்கள் மே மாதம் முடியும், அடுத்த பருவம் ஆகஸ்டில் தொடங்கும். நாடுகளுக்கிடையேயான பெரிய போட்டிகளுக்குக் கிடைப்பது இடைப்பட்ட ஜூனும் ஜூலையும்தான். ஆகவே ஜூன் 25 பக்கத்தில் கால்பந்து கொட்டிக் கிடக்கிறது. 1978-ல் புவனோஸ் ஐரிஸில் மரியோ கெம்பஸ் இரண்டு கோல் அடிக்க, கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா 3-1 என்று நெதர்லாந்தை வென்றது. சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1988-ல், அதே தேதியில் மியூனிக்கில் நெதர்லாந்து சோவியத் யூனியனை 2-0 என்று வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. முதல் கோல் குலிட்டின் தலையால் வந்தது. இரண்டாவது, உயரத்திலிருந்து இறங்கி வந்த பந்தை மார்கோ வான் பாஸ்டன் தரையில் படவிடாமல், கோலே தெரியாத ஓரத்திலிருந்து வலைக்குள் அனுப்பிய அடி. கோல்கீப்பர் தஸாயெவ் கையை உயர்த்துவதற்குள் பந்து அவரைத் தாண்டிவிட்டது. நான் பார்த்த கோல்களில் அதற்கு மேலாக ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதே நெதர்லாந்து 2006 ஜூன் 25 அன்று நியூரம்பர்கில் போர்ச்சுகலிடம் 1-0 என்று தோற்றது. 16 மஞ்சள் அட்டை, 4 சிவப்பு அட்டை. ஒரு நெதர்லாந்துக்காரரின் நோட்டில் இந்தத் தேதிக்கு லார்ட்ஸே இருக்காது. தோல்வி, வெற்றி, அவமானம் என்று மூன்று வரிகள் இருக்கும். 1982-ல் இதே தேதியில் ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்று வந்தவுடன் பந்தைப் பின்னும் முன்னும் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தின. அந்த முடிவில் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகும். முந்தைய நாளே ஆடி முடித்திருந்த அல்ஜீரியா வெளியேறியது. ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது. 1994-ல் மரடோனா அர்ஜென்டினாவுக்காகக் கடைசியாக ஆடியதும், நைஜீரியாவுக்கு எதிரான அந்த ஆட்டம் முடிந்து ஒரு செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு ஊக்கமருந்துச் சோதனைக்கு நடந்து போனதும் ஜூன் 25-தான்.

குத்துச்சண்டையிலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், காரணம் எவ்வளவு எளிமையானதாக இருக்கலாம் என்பதற்காக. ஜோ லூயிஸ் 1935 ஜூன் 25-ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் பிரிமோ கார்னெராவை ஆறாவது சுற்றில் சாய்த்தார். 1948 ஜூன் 25-ல் அதே இடத்தில் ஜெர்சி ஜோ வால்காட்டைப் பதினோராவது சுற்றில் வீழ்த்தினார். பார்க்க அதிசயம் போல இருக்கும். திறந்தவெளி அரங்கு, ஆகவே கோடைக்காலம். இரண்டாவது சண்டை இரண்டு நாள் முன்னாலேயே நடந்திருக்க வேண்டியது, மழையால் 25-க்குத் தள்ளிப்போனது. இந்தப் பொருத்தத்தை உண்டாக்கியது மழை.

இனி எண்ணிக்கை. விளையாட்டு வரலாற்றில் நினைவில் நிற்கும் ஆயிரம் நிகழ்ச்சிகளை எடுத்து, எந்தக் காரணமும் இல்லாமல் குருட்டாம்போக்கில் 365 தேதிகளில் போட்டால் என்ன ஆகும்? தேதிக்குச் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவு. எல்லாப் பக்கத்திலும் மூன்று மூன்றாக வராது. சுமார் 24 தேதிகளுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. இரண்டு மூன்று தேதிகளில் எட்டு அல்லது அதற்கு மேல் குவிந்துவிடும். குவியலுக்குத் தேதியின் மகிமை எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் விளையாட்டு சீராகவும் நடப்பதில்லை. மே கடைசி, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று சில வாரங்களில் முட்டி மோதுகிறது. ஜூன் 25 வழிவதற்கு இந்த இரண்டுமே போதும். இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியது.

எண்ணிக்கையாலும் அட்டவணையாலும் முழுக்க விளங்காதவையும் உண்டு. முதல் கால்பந்து உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் 1930 ஜூலை 30, மான்டிவிடியோவில். இடைவேளையில் 1-2 என்று பின்தங்கியிருந்த உருகுவே 4-2 என்று அர்ஜென்டினாவை வென்றது. 1966 ஜூலை 30-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் வென்றதும் 4-2. இரண்டிலும் போட்டியை நடத்திய நாடு, இரண்டும் அந்த நாட்டின் முதல் உலகக் கோப்பை. இரண்டுமே ஜூலை இரண்டாம் வாரத்தில் தொடங்கி மூன்று வாரத்துக்குள் முடிந்த போட்டிகள் என்பதால் தேதி நெருங்கி வந்ததில் வியப்பில்லை. கோல் எண்ணிக்கையும் ஒன்றாக வந்ததற்கு யாரும் காரணம் சொல்ல முடியாது. உசேன் போல்ட்டும் அப்படித்தான். 2008 ஆகஸ்ட் 16, பெய்ஜிங், 100 மீட்டர், 9.69 விநாடி. 2009 ஆகஸ்ட் 16, பெர்லின், 9.58. பிறகு 200 மீட்டர்: 2008 ஆகஸ்ட் 20-ல் 19.30, 2009 ஆகஸ்ட் 20-ல் 19.19. இரண்டு ஆண்டும் தடகளம் தொடங்கியது ஆகஸ்ட் 15-ல், 100 மீட்டர் இறுதி இரண்டாம் நாளில், 200 மீட்டர் இறுதி ஆறாம் நாளில். தேதிக்கான விளக்கம் அவ்வளவுதான். ஆனால் கழித்துப் பாருங்கள்: இரண்டு ஓட்டத்திலும் அவர் தன் சாதனையிலிருந்து குறைத்தது சரியாக 0.11 விநாடி. இதற்கு விளக்கம் தேடி நான் நேரம் செலவழிக்கவில்லை. வியந்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினேன்.

வேண்டுமென்றே ஏற்படுத்தும் பொருத்தங்கள் வேறு வகை. முதல் டெஸ்ட் 1877 மார்ச் 15-ல் மெல்போர்னில் தொடங்கியது, ஆஸ்திரேலியா 45 ரன்னில் வென்றது. நூறாண்டு நிறைவுக்காக 1977 மார்ச்சில் அங்கேயே ஒரு டெஸ்ட் வைத்தார்கள். இடமும் மாதமும் திட்டமிட்டவை. டெரெக் ராண்டல் 174 ரன் எடுத்துப் போராடியும் இங்கிலாந்து தோற்றது, அதே 45 ரன்னில். அந்த 45-ஐ எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை.

மார்ச் 15 பக்கத்தில்தான் நான் செய்த பெரிய பிழையும் இருக்கிறது. கொல்கத்தாவில் 2001-ல் ஃபாலோ ஆன் வாங்கி, உடனே மறுபடி பேட்டிங் செய்ய வேண்டியிருந்த இந்தியாவுக்காக லட்சுமணும் திராவிடும் விக்கெட்டே விழாமல் ஒரு முழு நாள் ஆடியது மார்ச் 15 என்று எழுதினேன். முதல் டெஸ்டின் முதல் பந்து வீசப்பட்ட அதே தேதி என்று ஒரு வரியும் சேர்த்தேன். பத்தி அழகாக அமைந்துவிட்டது. இரண்டு நாளில் ஒரு வாசகர் ஸ்கோர்கார்டை நறுக்கி ஒட்டி அனுப்பினார். அந்த ஆட்டம் மார்ச் 11 முதல் 15 வரை. அவர்கள் நாள் முழுக்க ஆடியது நான்காம் நாளான 14-ல். 254-க்கு 4 என்று தொடங்கி 589-க்கு 4 என்று முடித்தார்கள். லட்சுமண் 281-ல் ஆட்டமிழந்ததும், ஹர்பஜன் பந்தில் ஆஸ்திரேலியா சரிந்து இந்தியா 171 ரன்னில் வென்றதும் ஐந்தாம் நாளான 15-ல். இரண்டு நாளையும் நான் ஒன்றாக்கிவிட்டேன். கவனக்குறைவு என்று மட்டும் சொல்ல மாட்டேன். 1877-ஓடு பொருந்த வேண்டும் என்ற ஆசை என் கையைப் பிடித்து ஒரு நாள் நகர்த்திவிட்டது. அதிலிருந்து, ஒரு பொருத்தம் எவ்வளவு அழகாகத் தெரிகிறதோ அவ்வளவு முறை தேதியைச் சரிபார்ப்பேன். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ஐயம் வர வேண்டிய இடமும் அதுதான்.

கடிகாரமும் ஏமாற்றும். முகமது அலி ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியது கின்ஷாசாவில் 1974 அக்டோபர் 30 அதிகாலை. அமெரிக்க ரசிகர்கள் திரையரங்குகளில் அமர்ந்து அதைப் பார்த்தபோது அங்கே 29 இரவு. போல்ட் பெர்லினில் ஓடியபோது இந்தியாவில் நள்ளிரவு தாண்டி 17 பிறந்துவிட்டது. செய்தி வந்த நாளை நிகழ்ந்த நாளாக எடுத்துக்கொள்ளும் பிழை இன்னொன்று. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றது 1953 மே 29. லண்டன் பத்திரிகைகளில் வந்தது ஜூன் 2, இங்கிலாந்து ராணியின் முடிசூட்டு நாளில். தன் பிறந்த தேதி உறுதியாகத் தெரியாத டென்சிங் பிறகு மே 29-ஐயே பிறந்த நாளாகக் கொண்டாடினார். அந்த ஒரு மனிதருக்குத் தேதி நிஜமாகவே அர்த்தம் பெற்றது.

அதே மே 29 பக்கத்தில் 1985-ம் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் கால்பந்து கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கும் முன்பே நெரிசலிலும் சுவர் சரிவிலும் 39 பேர் இறந்தார்கள். அந்தத் தேதி வரும்போதெல்லாம் எவரெஸ்ட்டை மேலே போட்டு ஹெய்சலைக் கீழே ஒரு வரியாகப் போடச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொண்டதில்லை. இரண்டுக்கும் சம இடம் கொடுத்தேன். என் நோட்டுக்கும் குறை உண்டு. பத்திரிகைகளில் வந்தவைதான் அதில் ஏறின, ஆகவே ஆண்கள் ஆடிய கிரிக்கெட்டும் கால்பந்தும் குத்துச்சண்டையும் அளவுக்கு மீறி நிறைந்திருக்கின்றன. வேறு கையில் அந்த நோட்டு இருந்திருந்தால் வேறு தேதிகள் வழிந்திருக்கும். ஜூன் 25 முன்னால் நிற்பதில் என் கைக்கும் பங்கு உண்டு.

இனி எந்தத் தேதியில் எழுதுவது என்ற கேள்வி. மூன்றைத் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்: தொடங்கிய நாள், முடிந்த நாள், நீங்கள் கொண்டாடுகிற அந்தச் செயல் நடந்த நாள். மூன்றும் நடந்த இடத்தின் நேரப்படி. பத்தியில் போடுவது மூன்றாவதை. 1932 டெஸ்ட்டுக்கு நிசாரின் பந்துவீச்சு நடந்த ஜூன் 25 பொருந்தும். தோல்வியை எழுதினால் அது 28. 26 ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் கிடையாது.

நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட 1969 விம்பிள்டன் ஆட்டமும் இப்படித்தான். 41 வயது பாஞ்சோ கொன்சாலஸ், தன்னைவிட மிக இளையவரான சார்லி பசாரெல்லிடம் முதல் செட்டை 22-24 என்று இழந்தார். இருட்டிக்கொண்டு வருகிறது, நிறுத்துங்கள் என்று முறையிட்டும் நிறுத்தவில்லை. இரண்டாவது செட் 1-6. அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது. அது ஜூன் 24. மறுநாள் வந்து ஏழு மேட்ச் பாயின்டுகளைத் தடுத்து, 16-14, 6-3, 11-9 என்று மூன்று செட்டையும் எடுத்தார். மொத்தம் 112 கேம், 5 மணி 12 நிமிடம். தொடங்கிய தேதியைப் பார்த்துப் பலர் இதை 24-ல் போடுகிறார்கள். நான் 25-ல்தான் எழுதியிருக்கிறேன், லார்ட்ஸ் வரிகளுக்குக் கீழே, ஒட்டிய தனித்தாளின் முதல் வரியாக.